ஜமீலா வீட்டு ஜன்னல்

கடலில் இறங்கி நாலு கை போடுவதற்குள் நாகூர் மீரானுக்குக் கண் தெரியாமல் போய்விட்டது.

கடலைச் சொல்லிக் குற்றமில்லை. தலைக்கு வழிய வழியத் தேங்காயெண்ணெய் தேய்த்து, அதற்கு மேல் ஹேர் கிரீமையும் அப்பிக்கொண்டு வந்தது அவன்தான். உப்புத் தண்ணீர் பட்டதும் அத்தனையும் வழிந்து கண்ணுக்குள் இறங்கிவிட்டது.

நீந்த வருகிறவனுக்கு எதற்குத் தலை அலங்காரம் என்றுதானே கேட்கிறீர்கள்? அங்கேதான் விஷயம். நாடு சுதந்திரம் வாங்கி ஒரு வருஷம் ஆன கொண்டாட்டத்துக்கு மலாக்காவில் புதுமாதிரியாக ஒரு பந்தயம் வைத்தார்கள். கிளேபாங்கில் நீச்சல். அங்கிருந்து புக்கிட் ரம்பாய் போய்த் திரும்பி, காஜா பேராங் முனை வரைக்கும் சைக்கிள். அப்புறம் காஜா பேராங் தெருவோடு ஓடி ஊர்த் திடலில் போய் முடிக்க வேண்டும். துணிக்கடையில் கெஜக்கோல் பிடிக்கிற மீரானுக்குப் பரிசு வாங்கும் ஆசையெல்லாம் கிடையாது. காஜா பேராங்கில் மளிகைக் கடை யூசுப் ராவுத்தர் வீடு இருக்கிறது. அந்த வீட்டில் ஜமீலா இருக்கிறாள்.

ஜமீலாவை அவன் பார்த்ததில்லை. அவர்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள்தான் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். அக்கா ஹஸீனா போய்விட்டு வந்து ஒரு அதிசயத்தைச் சொன்னாள்.

“பொண்ணும் உன்னய ஒருக்கா பாக்கணுமாம்டா. பந்தயத்துல பாத்துட்டுப் பதில் சொல்றேன்னுச்சு.”

“எப்படி லாத்தா பாக்கும்?”

“எனக்கென்னா தெரியும்? தெருவப் பாத்தாப்புல ஒரு ஜன்னல் இருக்கு. நீ ஒழுங்கா தலை சீவிக்கிட்டுப் போ.”

அதுதான் அந்த எண்ணெய்.

கண்ணை மூடிக்கொண்டு நீந்தியவன் கரைக்குப் போவதாக நினைத்து மீன் பிடிக்க நட்டிருந்த கம்புகளுக்குள் புகுந்துவிட்டான். முட்டி சிராய்த்து ரத்தம். சம்பான் படகுக்காரர் ஒருவர் சத்தம் போட்டுத் திருப்பி விட்டிருக்காவிட்டால் சுமத்ராவுக்கே போயிருப்பான். கரை ஏறும்போது மற்றவர்களின் சைக்கிள்கள் எப்போதோ போய்விட்டிருந்தன.

மருந்துப் பெட்டியோடு நின்ற நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தி, மலாய்க்காரர்கள் உடுத்துகிற வெள்ளை பாஜு கூரோங், தலையில் முக்காடு, அவனைக் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். “சாக்கிட்?” என்று கேட்டாள். வலிக்கிறது என்று தலையாட்டினான்.

அவன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான் மருதமுத்து. லாரிக் கிளீனர், பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி. பந்தயம் முழுக்கத் துணைக்கு வருவதாகத் தன் சைக்கிளையும் கொண்டு வந்திருந்தான்.

“ஏம் மாப்பிள்ளே, எல்லாரும் கரைக்கு வந்தா நீ என்னாத்துக்குடா மீனு கூட்டத்துல போய்ச் சேந்த?”

“கண்ணு தெரியலடா.”

“நீதான் கடைசி, தெரியுமா?”

“கடைசி கெடக்கு. முட்டியில கட்டுப் போட்டா ஜன்னல்லேருந்து தெரியுமே, அதச் சொல்லு!”

“தெரிஞ்சா என்னா? சரி, பொண்ணு எப்படியாம்?”

“கண்ணு நல்லாருக்குமாம். மூக்குதான் கொஞ்சம் நீட்டமாம். ஆ! யம்மா! பெலான் மிஸ்ஸி, பெலான்!”

மெல்ல, மெல்ல என்று அவன் கத்தும்படி கட்டை அப்படி இறுக்கிவிட்டாள் அந்த மிஸ்ஸி.

மருது விடவில்லை. “மூக்கு நீட்டம்னா வேணாம்னுருவியா?”

“போடா. என் காதப் பாத்தா மட்டும் அதுக்கு எப்படி இருக்குமாம்? மூக்க விடு. அது என்னய வேணாம்னு சொல்லிருமோன்னுதான் மூணு வாரமா எனக்குச் சோறே எறங்கல.”

“மாமனாரு?”

“அவரா? மிளகாத்தூள்ல எறும்பு கெடந்தா எறும்பையும் சேத்து நிறுப்பாரு.”

மிஸ்ஸி பெட்டிக்குள் தலையைக் கவிழ்த்து எதையோ வெகு நேரம் தேடினாள். கத்தரிக்கோல் அவள் கையிலேயே இருந்தது.

கட்டு தெரியாமல் இருக்க மீரான் ஒரு வழி கண்டுபிடித்தான். வீட்டுக்குத் திரும்பும்போது போட்டுக்கொள்ள வைத்திருந்த புது நீளக்கால் சிலுவாரை அரைக்கால் சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டான். தேய்த்து மடிப்புக் கலையாத சிலுவார். ஏறி மிதித்தான். புக்கிட் ரம்பாய் திருப்பத்தில் சைக்கிள் சங்கிலி அந்த மடிப்பைக் கவ்வியது.

“நிறுத்துடா, நிறுத்துடா!” என்று மருது கத்தினான்.

நிறுத்தினால்தானே? இன்னும் வேகமாக மிதித்தால் விடுபடும் என்று மிதித்தான். கணுக்காலில் தொடங்கிய கிழிசல் இடுப்புக்கு வந்து சேர்ந்தது, கூடவே அரைக்கால் சட்டையையும் இழுத்துக்கொண்டு.

மருது சணல் கயிற்றால் கால் முழுக்கச் சுற்றிக் கட்டினான். கட்டியவன் முனையைத் தொங்கவிட்டுவிட்டான். சங்கிலிக்கு அதுவும் பிடித்திருந்தது. மீரான், சைக்கிள், கயிறு மூன்றும் சேர்ந்து லோங்கானுக்குள் விழுந்தன. நல்ல வேளை, சாக்கடையில் தண்ணீர் அதிகமில்லை. சேறுதான்.

கடைசி ஆளுக்குப் பின்னால் வர வேண்டிய மருந்து வண்டி பின்னாலேயே வந்து நின்றது. அதே மிஸ்ஸி இறங்கினாள். மீரான் இரண்டு கையாலும் எதை மறைப்பது என்று தெரியாமல் முகத்தை மறைத்துக்கொண்டான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வண்டிக்குள் விரித்திருந்த பூப்போட்ட பாத்திக் கைலியை உதறி நீட்டினாள்.

“பாக்காய்,” என்றாள். கட்டிக்கொள் என்று.

“சொன்னா கேளு மாப்பிள்ளே,” என்றான் மருது. “வண்டியில ஏறிரு. மானம் மிச்சமாவும்.”

“ஏறிட்டா? ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டே இருக்குமேடா, பாவம். வராம போனா என்னா நெனைக்கும்? அழகா வர முடியாட்டியும் வந்தான்னாச்சும் இருக்கட்டும்.”

கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு சைக்கிளிலேயே ஏறினான்.

காஜா பேராங் முனையில் சைக்கிளைப் போட்டான். மருந்து வண்டிக்கும் பொறுமை போய்விட்டது போல. அவனைத் தாண்டி முன்னால் போய்விட்டது. பின்னால் உறுமிக்கொண்டு வந்த சனியன் ஒழிந்தது என்று மீரானுக்கு நிம்மதி. கைலியைக் கணுக்கால் வரை இறக்கி, குட்டிக் குட்டி அடியாக எடுத்து வைத்து ஓடினான்.

சைக்கிளை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்த மருது தலையில் அடித்துக்கொண்டான். “தூக்கிக் கட்டிட்டு ஓடுடா! வாத்து மாதிரி போற.”

“மாமனார் வீட்டுக்கு முன்னாடி முட்டியக் காட்டிக்கிட்டு ஓடச் சொல்றியா?”

தெருவில் வேடிக்கை பார்க்க நின்றவர்கள் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேர் பூப்போட்ட கைலியைப் பார்த்துவிட்டுப் போனவர்களைக் கூப்பிட ஓடினார்கள்.

அதோ வீடு. அதோ ஜன்னல். திரை அசைந்தது.

மீரான் நெஞ்சை நிமிர்த்தினான். சேற்றில் ஊறிய தலையைக் கையால் ஒதுக்கினான். ஜன்னலைப் பார்த்து, அளவாக, ரொம்பவும் பல் தெரியாமல் சிரித்தான். ஜன்னலைப் பார்த்தவன் தரையைப் பார்க்கவில்லை. கைலி காலில் சுற்றியது. ராவுத்தர் வாசலில் பாயில் காய வைத்திருந்த மிளகாயின் மேல் குப்புற விழுந்தான்.

எழுந்திருக்கப் பார்த்தால் தும்மல். தும்மினால் மிளகாய் பறக்கிறது. பறந்தால் மருதுவுக்கும் தும்மல்.

“போச்சுடா மருது… ஹச்… அது கண்ணு முன்னாலயே… ஹச்… எல்லாம் போச்சு!”

உள்ளேயிருந்து தண்ணீர்ச் செம்போடு ஓடி வந்தாள் ராவுத்தரின் தங்கை நூர்ஜஹான். முகத்தில் தண்ணீர் அடித்து, பாயிலிருந்து அவனைப் பிரித்தெடுத்து, படியில் உட்கார வைத்தாள்.

மீரானுக்கு அழுகையா, மிளகாயா என்று தெரியவில்லை. கண்ணில் நீர் கொட்டியது. தலையைக் குனிந்துகொண்டே கேட்டான்.

“மாமி… ஜன்னல்லேருந்து… பொண்ணு எல்லாத்தையும் பாத்துருச்சா?”

“ஜன்னல்ல நின்னது நான்லா, தம்பி! ஜமீலா விடிஞ்சதுமே மருந்துப் பெட்டியத் தூக்கிட்டுக் கிளேபாங்குக்குப் போயிருச்சு. இப்பத்தான் வாசல்ல வண்டிய நிறுத்தி, ‘எனக்குச் சம்மதம் மாமி, அவரு பேசுனதையெல்லாம் பக்கத்துல இருந்து கேட்டுட்டுத்தான் சொல்றேன்’னு சொல்லிட்டுப் போவுது.”