தூக்கத்துக்கு ஒரு டேப்லெட்

இனி இந்த வீட்டில் பகல் நேரத்தில் தையல் மிஷின் ஓடாது என்று ஒரு காலையில் சபதம் செய்தேன். மனசுக்குள்தான். வாய்விட்டுச் செய்கிற தைரியம் இருந்தால் சபதத்துக்கே அவசியம் இருந்திருக்காது.

எனக்கு நீரேற்று நிலையத்தில் வேலை. நிரந்தர இரவு ஷிப்டு. ஊர் தூங்கும்போது விழித்திருப்பேன். ஊர் விழித்ததும் வீட்டுக்கு வந்து தூங்கப் பார்ப்பேன். இதில் 'பார்ப்பேன்' என்பதுதான் முக்கியமான சொல். என் கட்டிலுக்கும் மனைவியின் மிஷினுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அதுவும் சுவர் என்று பெயர் வைத்துக்கொண்ட அட்டை.

அவள் குவில்ட் தைக்கிறவள். மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு துணி. மூன்றும் நழுவாமல் இருக்கப் போர்வை முழுக்க வளைத்து வளைத்துத் தையல் ஓட்ட வேண்டும். ஊரார் நிம்மதியாகத் தூங்க அவள் தைத்தாள். கிழிந்தது என் தூக்கம். தையல் என்றால் பெண் என்றும் ஒரு பொருள் உண்டு. என் வீட்டில் இரண்டு தையலும் ஆரம்பித்தால் நிற்பதில்லை.

போன மாதம் வேலையில் கண்ணசந்துவிட்டேன். மேல்தொட்டி நிரம்பி வழிந்து, மேலதிகாரியின் ஸ்கூட்டர் வரைக்கும் வந்து நலம் விசாரித்துவிட்டது. "இன்னொரு தடவை இங்க தூங்கினீங்கன்னா, அப்புறம் நிரந்தரமா வீட்லயே தூங்கலாம்" என்றார். வீட்டில் தூங்க முடியாததால்தானய்யா இங்கே தூங்கினேன்!

வழி தானாகக் கிடைத்தது. கைப்பேசியில் ஒரு வீடியோ. யாரோ ஒருவர் டேப்லெட்டில் குவில்ட் டிசைன் வரைகிறார். கண்ணாடிமேல் பேனா வழுக்கிக்கொண்டு போகிறது. ஒலியைக் கூட்டிப் பார்த்தேன். முழுசாகக் கூட்டினேன். சத்தமே இல்லை! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"டேப்லெட் வாங்கிட்டு வந்திருக்கேன்" என்றேன், பெட்டியை நீட்டி.

"ஐயையோ, ஒடம்புக்கு என்னங்க?"

"அந்த டேப்லெட் இல்லம்மா. இது படம் வரையிறது. நீ இனிமே டிசைன் வரையப் போற. உன் திறமைக்கு மிஷின் பத்தாது."

"திடீர்னு என்ன?"

"அன்புதான்."

"அன்பா? கொட்டாவி விட்டுக்கிட்டே சொல்றீங்க?"

உண்மையில் அது தூக்க மாத்திரையேதான். அவள் விழுங்கினால் எனக்குத் தூக்கம் வரும்.

வீடியோ பார்த்து நானே கற்றுக்கொண்டு, குருவாக உட்கார்ந்தேன். "இதுக்குப் பேரு லேயர். கண்ணாடித்தாள் மாதிரி. ஒரு படத்தைக் கீழ் லேயர்ல வெச்சுட்டு, மேல் லேயர்ல பாத்து வரையலாம். வரைஞ்சு முடிச்சதும் கீழ இருக்கறதை மறைச்சிடலாம். யாருக்கும் தெரியாது."

"அட, திருட்டுத்தனத்துக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கே!"

மாதிரிக்கு நான் வரைந்திருந்ததைக் காட்டினேன். அவள் டேப்லெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பம்பு விசிறியா?"

"ரோஜா!"

"பாவம். ஏங்க, குவில்ட்டுக்கு ஒரே கோடா போகணும். இந்த ஓரத்துல ஆரம்பிச்சா நூலை அறுக்காம அந்த ஓரம் போய்ச் சேரணும். உங்க ரோஜாவுக்கு இதழுக்கு ஒரு தடவை நூலை அறுக்கணுமே." சொல்லிக்கொண்டே எதையோ தட்டினாள். ரோஜா மறைந்தது. "அச்சச்சோ, போயிடுச்சா? சரி, நல்லதாப் போச்சு."

அவமானம்தான். ஆனால் மறுநாள் காலை நான் படுத்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் மூச்சு இல்லை. அவள் வரைந்துகொண்டிருந்தாள். தைப்பதை நான் ராத்திரி வேலைக்குப் போன பிறகு என்று மாற்றிக்கொண்டாள். தூங்கினேன் பாருங்கள், அதைத் தூக்கம் என்று சொல்வதே குறைவு. மேல்தொட்டி வழியவில்லை. மேலதிகாரி என் கண்ணைப் பார்த்து, "ஒடம்பு தேறிட்டீங்களே!" என்றார். இப்படியே சில வாரம். டேப்லெட்டைத் தினமும் என் தலைமாட்டில்தான் வைத்தாள். "சார்ஜ் போட அங்கதான் வசதி" என்றாள். எனக்கென்ன வந்தது? சத்தம் போடாத எந்தப் பொருளும் என் தலைமாட்டில் இருக்கலாம்.

ஒரு மத்தியானம் பேச்சுக்குரல் கேட்டு எழுந்து வந்தேன். பக்கத்து வீட்டுப் பல் டாக்டரம்மா புதுக் குவில்ட்டைச் சோபாவில் விரித்து வைத்துத் தடவிக்கொண்டிருந்தார்.

"வாங்க சார். இந்த டிசைனைப் பாருங்க. என்ன கோடு! மெதுவா கிளம்புது, மேல மேல ஏறுது, அங்க ஒரு நிமிஷம் அப்படியே நிக்குது, அப்புறம் தடதடன்னு எறங்குது. உயிர் இருக்கு சார்!"

பார்த்தேன். எனக்கே சிலிர்த்தது. "கடல்" என்றேன். "இல்லை, மலைத்தொடர். ஒரு கம்பீரம் இருக்கு பாருங்க. ஏதோ பெரிய ஆத்மாவோட வேலை."

மனைவி தரையைப் பார்த்தாள். அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

"குரு யாருன்னு கேளுங்க டாக்டரம்மா" என்றேன்.

"நீங்களா?"

"எல்லாம் லேயர்ல இருக்கு. இருங்க, காட்டறேன்."

"ஏங்க, அதை விடுங்களேன்" என்றாள் மனைவி. குரு விடுவாரா? டேப்லெட்டை எடுத்து, மறைத்து வைத்திருந்த கீழ் லேயரைத் திறந்தேன். சின்னச் சின்ன முள்ளாக, ஏறி இறங்கி, அதே மலைத்தொடர். ஓரத்தில் அவள் கைப்பட ஒரு குறிப்பு: 'இவர், மல்லாக்கப் படுத்தபோது.'

"என்னது இது?"

அவள் பெருமூச்சு விட்டு எதையோ தட்டினாள். டேப்லெட்டுக்குள் ஒரு லாரி மேட்டில் ஏறியது. திணறியது. உச்சியில் அப்படியே நின்றது. பிறகு தடதடவென்று இறங்கியது.

"உங்க குறட்டைதாங்க. பதிவு பண்ணினா இதுல படமாவே தெரியுது. நூலே அறுக்க வேணாம், ஒரே கோடு."

டாக்டரம்மா கையைத் தட்டினார். "அட, இதுவா! எங்க சுவத்துல தினமும் கேக்குதே! பைப் ரிப்பேர்னு பிளம்பரையே ரெண்டு தடவை வரவழைச்சுட்டேன்!"

அவர் போனதும் நான் கொதித்தேன். "அன்பா வாங்கிக் கொடுத்தேனே, என் தூக்கத்தையே திருடிட்டியே!"

"அன்பு மேல் லேயருங்க" என்றாள், பேனாவைத் துடைத்தபடி. "அடியில மிஷின் சத்தம் இருந்தது. எனக்கு அன்னைக்கே தெரியும்."

என் அறைப் பக்கம் நழுவப் பார்த்தேன்.

"டாக்டரம்மாவோட தங்கச்சி குழந்தைக்கு ஒண்ணு கேக்கறாங்க. மெத்துனு, சின்னச் சின்ன அலையா. மல்லாக்கப் படுத்தா வராது. போய் ஒருக்களிச்சுப் படுங்க."

"தூங்க மாட்டேன்! வேலை நிறுத்தம்!"

"சரி, முழிச்சிருக்கிறவர் வாங்க. இந்தத் துணியெல்லாம் சதுரம் சதுரமா வெட்டணும். ராத்திரி போய் அங்க தூங்கிக்கலாம். ஸ்கூட்டரை மட்டும் தள்ளி நிறுத்தச் சொல்லுங்க."

போய் ஒருக்களித்துப் படுத்தேன். வீடு அமைதியாக இருந்தது. நான் கேட்ட அதே அமைதி. தலைமாட்டில் டேப்லெட் ஒரு கண்ணைத் திறந்து வைத்திருந்தது. கொஞ்சம் புரண்டேன்.

"புரளாதீங்க, கோடு கெடுது" என்றது சுவர்.

இப்போது எனக்கு இரண்டு வேலை. ராத்திரி அங்கே விழித்திருக்க வேண்டும். பகலில் இங்கே தூங்க வேண்டும். அங்கே வாரத்துக்கு ஒரு நாள் லீவு உண்டு.