பாலைவனத்தில் தண்ணீர்க் கடை

பயப்படுவதற்கு எனக்குக் காரணம் தேவையில்லை. இடியப்பம் மாதிரிக் காரணத்தையும் நானே வீட்டில் அவித்துக்கொள்வேன். கனடாவில், எங்கள் ஸ்காபரோவில் மழை இருட்டினால், பேஸ்மென்றுக்குள் வெள்ளம் வருமென்று அரிசி மூட்டையை மேல்மாடிக்கு ஏற்றுகிறவள் நான். அப்படிப்பட்டவளைப் பாலைவனத்துக்குக் கூட்டிப்போனது என் கணவரின் பிழை என்றுதான் கனகாலம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

உண்மையில் போக ஆசைப்பட்டது மகள் ஆரணி. அப்போது அவளுக்குப் பத்து வயது. அமெரிக்காவில் யூட்டா என்ற மாநிலத்தில் பெரிய மணல் மலைகள் இருக்கின்றன, பனியில் சறுக்குவதுபோல அதிலும் சறுக்கலாம் என்று எங்கேயோ பார்த்துவிட்டாள். வோபர்னில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் குளிர்காலம் முழுக்கச் சறுக்கிய சிவப்புப் பிளாஸ்ரிக் பலகையைக் கழுவித் துடைத்து, அடிப்பக்கமெல்லாம் பிறந்தநாள் மெழுகுதிரியால் தேய்த்தாள். மெழுகு பூசினால்தான் மணலில் ஓடுமாம். கோடை விடுமுறை வரும்வரை பின்னேரங்களில் அவளுக்கு இதுதான் வேலை. தம்பி கவினுக்கு அதைத் தொடக்கூட அனுமதியில்லை.

என்னுடைய ஆயத்தம் வேறு. பாலைவனம் என்றால் தாகத்தில் சாகிற இடம் என்பதே எனக்குத் தெரிந்தது. வழியில் கண்ட கடைகளிலெல்லாம் தண்ணீர்ப் போத்தல் பெட்டிகளாக வாங்கினேன். கவின் கால் வைக்கிற இடத்தில் தண்ணீர். சூட்கேசுகளுக்கு மேலே தண்ணீர். (அரிசி, ரின் மீன், மின்சார அடுப்பு எல்லாம் தனி.) எங்கள் வான் வண்டி பின்பக்கம் அமுங்கி, மூக்கை நிமிர்த்திக்கொண்டு ஓடியது.

கடைசிப் பெற்றோல் செற்றில், அமுங்கிக் கிடந்த ரயர்களைப் பார்த்துப் பதறிவிட்டேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு இருந்த ஒரே விஞ்ஞான அறிவு, பாரம் ஏற்றினால் ரயர் கல்லுப்போல இருக்கவேண்டும் என்பது. கணவர், மணலுக்கு இவ்வளவு காற்றே கூடுதல் என்று முணுமுணுத்தார்.

"இஞ்சருங்கோ, நடு வனாந்தரத்திலை ரயர் காத்துப் போய் இருந்துதெண்டால் பிள்ளையளை ஆர் தூக்கிக்கொண்டு நடக்கிறது?"

அவர் பிறம்ரனில் லொறி ஓட்டுகிறவர். அவருக்குத்தான் நான் ரயரைப் பற்றிப் படிப்பித்தேன். மனுசன் இன்னும் காற்று அடித்தார்.

மணல் மலை தெரிந்ததும் ஆரணி கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு மூச்சு விடாமல் பார்த்தாள். தார் ரோட்டு முடிகிற இடத்திலேயே வானை நிறுத்தியிருக்கலாம். பிள்ளைகளுக்கு வெயில் பிடித்துவிடுமென்று, கொஞ்சம் தள்ளி நின்ற ஒற்றை மரத்தடிக்கு விடச் சொன்னேன். பாதி வழியில் வான் மணலுக்குள் புதைந்து இருந்துவிட்டது.

போனுக்குச் சிக்னல் இல்லை. ஒரு சனமும் இல்லை. நான் மனதுக்குள் எங்கள் நாலு பேருக்கும் செத்தவீடு தொடங்கி அந்தியேட்டிக் கிரியை வரைக்கும் செய்து முடித்துவிட்டேன். பாரத்தைக் குறைக்கலாமென்று கணவர் தண்ணீர்ப் பெட்டிகளை எல்லாம் இறக்கி ரோட்டோரம் அடுக்கினார். அப்படியும் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. ரொறன்ரோவில் பனிக்குள் கார் புதைந்தால் சக்கரத்துக்குக் கீழே எதையாவது கொடுத்து எடுப்போமே, அந்தப் பழக்கத்தில் கால்மிதிகளைக் கொடுத்தோம். மணல் விழுங்கியது. பிறகு என் கண் அந்தச் சிவப்புப் பலகையில் விழுந்தது. ஆரணி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, பிளீஸ். ஒருக்கா மட்டும் சறுக்கிப்போட்டுத் தாறன். மலை உதிலைதானே."

"உயிர் போற நேரத்திலை உமக்கு விளையாட்டோ?"

நான் பறிக்கவில்லை. அவளே நீட்டினாள். பறித்திருந்தால் இன்றைக்கு இவ்வளவு சுடாது.

சக்கரத்துக்குக் கீழே கொடுத்த பலகை ஒரே சத்தத்தில் இரண்டாகப் பிளந்தது. வான் ஒரு அங்குலமும் அசையவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஒரு பிக்கப் வந்து நின்றது. நாயோடு வந்த வெள்ளைக்காரப் பெட்டையொருத்தி இறங்கினாள். புதைந்த வானைப் பார்க்கவில்லை, அழுகிற என்னையும் பார்க்கவில்லை. அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்து, போத்தல் என்ன விலை என்று கேட்டாள். கணவர் அந்த நிலையிலும், இன்றைக்கு இலவசம் என்றார். அவள் ஒரு போத்தலைக் குடித்து முடித்துவிட்டு ரயரை உதைத்துப் பார்த்தாள். காற்றை இறக்குங்கள் என்றாள். அரைவாசிக் காற்றை இறக்கியதும், பந்தியில் சாப்பிட்டு எழும்புகிற ஆள் மாதிரி வான் ஆறுதலாக வெளியே வந்தது.

எனக்கு ஆரணியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தண்ணீர்ப் பெட்டியின் அட்டை ஒன்றைக் கிழித்து எடுத்து, இதிலும் சறுக்கலாம் பாருங்கோ என்று நானே மணல் மலையில் ஏறினேன். அட்டையில் சப்பாணி கட்டி இருந்தேன். அசையவில்லை. கணவர் பின்னால் தள்ளினார். அட்டை அங்கேயே இருந்தது. நான் மட்டும் கீழே வந்தேன். கவின் விழுந்து விழுந்து சிரித்தான். ஆரணியும் சிரித்தாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

இப்போது அவள் யூனிவர்சிற்றியில் படிக்கிறாள். பிக்கரிங்கில் ஒரு கலியாணத்துக்குப் போக நான் கைப்பைக்குள் தண்ணீர் வைத்தாலும், "அம்மா, போத்தல் என்ன விலை?" என்று வீட்டில் யாராவது கேட்காமல் விடமாட்டார்கள். கதையை வடிவாகச் சொல்லுகிறவள் ஆரணிதான். அந்தப் பெட்டையின் குரல், என் அழுகை, நான் உருண்டு வந்த விதம் எல்லாம் செய்து காட்டுவாள். ஆனால் அவள் சொல்லுகிற கதையில் வான் புதையும், தண்ணீர் இறங்கும், உடனே பிக்கப் வந்துவிடும். நடுவில் சிவப்புப் பலகை வராது.

மறந்துவிட்டாள் என்றே நினைத்திருந்தேன். போன குளிர்காலம் கராஜில் பனி அள்ளுகிற சவளுக்குப் பின்னால் பலகையின் ஒரு பாதி கிடந்தது. அடியில் மெழுகு அப்படியே இருந்தது. எறியட்டோ என்று அவளைக் கேட்டேன்.

"கிடக்கட்டும் அம்மா," என்றாள்.

அடுத்த கிழமை வீட்டுக்கு ஆட்கள் வந்தபோது திரும்பவும் கதை தொடங்கியது. தண்ணீரை இறக்கி அடுக்குகிற இடம் வந்ததும் என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, நேரே பிக்கப்புக்குத் தாவினாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் இன்னும் நிறைய வடை இருந்த தட்டைத் தூக்கிக்கொண்டு, வடை எடுக்கக் குசினிக்குள் போய்விட்டேன்.