மூடத் தெரியாத கடை

எங்கள் வீட்டுப் பின்னறையில், அதாவது பழைய துணிகளும் இஸ்திரி மேசையும் குடியிருந்த அறையில், என் மனைவி ஓர் இணையக் கடையைத் தொடங்கினாள். விற்பனைப் பொருள், நாற்காலிக் கால்களுக்கு மாட்டும் கம்பளிச் சாக்ஸ். மாட்டிவிட்டால் நாற்காலியை எவ்வளவு இழுத்தாலும் சத்தம் வராது, கீழ் வீட்டுக்காரர் சண்டைக்கு வர மாட்டார். பின்னுவது அவள். வெப்சைட் போட்டது அவள் தம்பி, அதாவது என் மச்சினன். பொட்டலம் கட்டி முகவரி ஒட்டுவது நான். ஆக, உற்பத்தி, தொழில்நுட்பம், சரக்குப் போக்குவரத்து ஆகிய முப்பெரும் துறைகளும் ஒரே இஸ்திரி மேசையில் சிறப்புற இயங்கி வந்தன.

சிரிக்க வேண்டாம். அவளுக்கு இது வாழ்வா சாவா விஷயம். பல வருஷம் பார்த்த ஆபீஸ் வேலையை உதறிவிட்டு வந்திருந்தாள். ராஜினாமாவை வாங்கிக்கொண்ட மேலாளர், “உங்க சீட்டைக் காலியாவே வச்சிருக்கேன், எப்படியும் திரும்பி வருவீங்க” என்று சிரித்தாராம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. அந்த சீட்டில் மறுபடி போய் உட்காரக் கூடாது, அதற்குக் கடை நிலைக்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

கடை சுமாராக ஓட ஆரம்பித்ததும் கடைகள் ஒழுங்கு அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் வந்தார்.

“ராத்திரி ரெண்டு மணிக்கு உங்க கடை திறந்திருந்துச்சு மேடம்” என்றார் வருத்தத்துடன். “நானே உள்ள வந்து பார்த்தேன்.”

“எங்க வீட்டுக்குள்ளயா?” என்று பதறினேன்.

“கடைக்குள்ள. போன் வழியா. ஒருத்தரும் தடுக்கல.”

“இணையக் கடை அப்படித்தான் சார்” என்றாள் மனைவி. “எப்பவும் திறந்திருக்கும்.”

“கடைன்னா ஆறு மணிக்கு மூடணும். மதியம் ஒரு மணி நேரம் இடைவேளை. வாரத்துல ஒரு நாள் லீவு. மூடுற கடைக்குத்தான் எங்ககிட்ட சட்டம் இருக்கு. மூடவே மூடாத கடையை நான் எந்தச் சட்டத்துல அனுமதிக்கிறது?”

“இடைவேளை யாருக்கு சார்? விற்கிறது கம்ப்யூட்டர்தானே?”

“அதுவும் உழைக்குதில்ல?” என்றார். கம்ப்யூட்டரை அவர் பார்த்த பார்வையில் உண்மையான பரிவு இருந்தது.

பிறகு அளவு நாடாவை எடுத்து அறையை அளந்தார். பத்துக்குப் பத்து.

“ஒரே சமயத்துல எத்தனை பேர் வருவாங்க?”

“நேத்து சாயங்காலம் முந்நூறு பேர் இருந்தாங்க” என்றாள் பெருமையாக. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான்.

“பத்துக்குப் பத்து அறையில முந்நூறு பேரா! தீப்பிடிச்சா எப்படி வெளிய ஓடுவாங்க?”

“அவங்க எல்லாம் அவங்கவங்க வீட்டுல இருக்காங்க சார்.”

“அதைத்தான் நானும் சொல்றேன். உங்க கடையில தீப்பிடிச்சா முந்நூறு பேர் அவங்கவங்க வீட்டை விட்டு ஓடணும். எவ்வளவு பேருக்குத் தொந்தரவு, யோசிச்சீங்களா?”

நாங்கள் யோசித்திருக்கவில்லை. ஆய்வாளர் யோசித்து வைத்திருந்தார். இவ்வறையின் கொள்ளளவு நால்வர் மட்டுமே, ஏனையோர் வெளியே வரிசையில் நிற்கக் கடவர் என்று உத்தரவாயிற்று. தற்காலிக அனுமதி ஒரு மாதத்துக்கு. அதற்குள் அலுவலகம் வந்து நிரந்தர முத்திரை பெறாவிட்டால் கடை ரத்து.

“போச்சு” என்றாள் மனைவி, ஆய்வாளர் படியிறங்கியதும். “நாலு பேரை வச்சுக்கிட்டு நான் என்ன கடை நடத்துறது?” கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

மச்சினன் மட்டும் துள்ளிக் குதித்தான். “அக்கா, இதுதான் பிராண்டு!”

வெப்சைட்டில் ஓர் இரும்பு ஷட்டரை வரைந்து மாட்டினான். ஆறு மணிக்கு அது தடதடவென்று இறங்கும். வரிசையில் நிற்பவர்கள் அந்த ஷட்டரின் மேல் கட்டை விரலை வைத்து அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். விரலை எடுத்தால் இடம் போய்விடும். இடையில் நுழைகிறவர்களைத் தடுக்க இந்த ஏற்பாடு என்றான்.

அதற்கப்புறம் நடந்ததை என்னவென்று சொல்வது! திறந்து கிடந்தபோது எட்டிப் பார்த்துவிட்டுப் போனவர்களெல்லாம், மூடியிருக்கிறது என்றதும் முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். மதிய இடைவேளை விட்டால் ‘என்ன கட்டுப்பாடு, என்ன தரம்’ என்று வியந்தார்கள். ஷட்டரில் விரல் வைத்தபடி படம் எடுத்துப் போடுவது நாகரிகமாயிற்று. அந்தப் படத்தை எடுக்க இன்னொருவர் தேவைப்பட்டதால் குடும்பங்களில் ஒற்றுமை வளர்ந்தது. முதலில் சாக்ஸ் வாங்கிவிட்டு, அது பொருந்தும்படி நாற்காலி தேடி அலைந்தவர்களும் உண்டு. நான் பொட்டலம் கட்டிக் கட்டி உள்ளங்கை தோலுரிந்தது. மனைவி பின்னிக்கொண்டே பாட்டு முணுமுணுக்கத் தொடங்கினாள். அதைக் கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது.

மாதத்தின் கடைசி நாள் நாங்கள் இருவரும் முத்திரைக்குப் போனோம். உரிமையாளர் வெளியே போனால் கடை மூடியிருக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. அதனால் அன்று காலை ஷட்டர் ஏறவில்லை.

அலுவலகத்தில் அப்படி ஓர் அமைதி. அத்தனை மேசையிலும் ஆட்கள் இருந்தார்கள். அத்தனை பேரும் போனை இடது கையில் பிடித்து, வலது கட்டை விரலால் அழுத்திக்கொண்டிருந்தார்கள்.

“கொஞ்சம் இருங்க மேடம்” என்றார் ஆய்வாளர், நிமிராமல். “வரிசையில நிக்கிறேன். ஒன்பது மணிக்குத் திறக்க வேண்டிய கடை, பதினொண்ணாகியும் திறக்கல. பொறுப்பில்லாத ஜனங்க.”

“சார், அது எங்க கடை. நீங்க முத்திரை போட்டாத்தான் திறக்க முடியும்.”

அவர் முகம் மலர்ந்தது. “அப்படியா! உடனே போட்டுடலாமே.” மேசையில் முத்திரை இருந்தது. அதைப் பார்த்தார். தம் விரலைப் பார்த்தார். மலர்ந்த முகம் வாடியது. “ஆனா விரலை எடுத்தா இடம் போயிடுமே மேடம்?”

“சார், சாயங்காலத்துக்குள்ள போடலைன்னா கடையே போயிடும். அப்புறம் எந்த வரிசையில நிப்பீங்க?”

“புரியுது மேடம். திறந்ததும் வாங்கிடறேன். வாங்கினதும் போட்டுடறேன்.”

அவள் அடுத்த மேசைக்குப் போனாள், அதற்கடுத்த மேசைக்குப் போனாள். எல்லாரும் அன்பாகப் பேசினார்கள். யாரும் விரலை எடுக்கவில்லை. மச்சினனைப் போனில் கூப்பிட்டு அந்த ஷட்டரை எடுத்துத் தொலை என்று கத்தினாள். “அதை எடுத்தா கூட்டமே இருக்காதுக்கா” என்றான் அவன். மேலாளர் காலியாக வைத்திருந்த அந்த சீட் அப்போதே அவள் கண்முன் வந்து நின்றிருக்க வேண்டும். உதடு துடிக்கத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

“ஏங்க, இப்படி உட்கார்ந்தே இருந்தா எப்படி? நீங்களாவது எழுந்து வந்து அந்த முத்திரையை எடுத்து அவர் கையில வச்சு அழுத்துங்களேன்!”

நியாயமான கோரிக்கைதான். என் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஆனால் என் விரலை எடுத்தால் இடம் போய்விடும், எனக்கு முன்னால் இன்னும் பதினோரு பேர்தான் இருந்தார்கள்.