பதினோரு அடிக் கிளையும் இரண்டு அரசாங்கமும்

வாழி எர்லீன் டாக்கரி. இருபத்தேழு ஆண்டுகள் வாஷிங்டன் மாநகரப் பேருந்தின் ஸ்டியரிங்கைப் பற்றிக் காய்த்த கரத்தினள். சீட்டு வாங்காமல் ஏறியவனைப் பார்வையாலேயே பின்வாசல் வழியாக இறக்கிவிட்ட கூர்விழியினள். அறுபத்து நான்கு வயதில் முழங்கால் வலியையே முரசாக அறைந்து நடப்பவள். ஒன்பது வாக்கு வித்தியாசத்தில் வென்று, இரண்டாயிரம் குடிகளுக்குச் சம்பளமில்லாத வட்டாரப் பிரதிநிதியாக முடிசூடியவள். அவள் வாழி. அவள் மூக்குக்கண்ணாடியும் வாழி.

நகராட்சியின் புகார்த் தொலைபேசி எண்ணில் உறைந்து, காத்திருப்போர் செவியில் ஓயாது சாக்ஸபோன் இசை பொழியும் தேவியே, நீ காப்பாயாக. உன்னை வணங்காமல் அந்த ஊரில் எவரும் ஒரு குப்பைத்தொட்டியைக்கூட நகர்த்தியதில்லை.

களம் சிறிது. நேராகப் போகும் தெருவை ஓர் அவென்யூ சாய்வாக வெட்டும் இடத்தில் மிஞ்சிப்போன முக்கோணத் துண்டு. அதில் கொஞ்சம் புல், ஒரு பெஞ்சு. புல் மத்திய அரசுடையது. புல்லைச் சுற்றியுள்ள நடைபாதை நகரத்துடையது. புல்லின்மேல் விழும் நிழல் யாருடையது என்பது இன்னும் தீர்மானமாகவில்லை. தலைநகரத்துக் குடிகளுக்கு இது பழகிப்போன விஷயம். வரி கட்டுவார்கள், நாடாளுமன்றத்தில் அவர்களுக்காகக் கை தூக்கும் உரிமை ஒருவருக்கும் கிடையாது, அந்த வருத்தத்தைக் காரின் நம்பர் பலகையில் எழுதி மாட்டிக்கொண்டு வேலைக்குப் போவார்கள்.

ஆகஸ்ட் மாதத்தில், பிற்பகலைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும் புழுக்கத்தின் முடிவில், கருமேகக் களிறுகள் ஒன்றையொன்று முட்டி, இடிமுழங்கி, மின்வாள் வீசிய அந்த ஒரு மணி நேரத்தில், நடைபாதை ஓரத்து ஓக் மரம் தன் வலது கரத்தை இழந்தது. மரம் நின்றது நகரத்தில். கிளை விழுந்தது மத்திய அரசில். சரியாகப் பெஞ்சின்மேல், பேருந்துக்குக் காத்திருப்போர் முதுகு சாய்க்க அந்தச் சுற்றுவட்டத்தில் இருந்த ஒரே பெஞ்சின்மேல், போரில் மாண்ட யானையைப் போலப் படுத்துக்கொண்டது.

நகராட்சியின் மரம்வெட்டிகள் மூன்றாம் நாள் வந்தார்கள். இயந்திர ரம்பம் உறுமியது. முதலில் டேப்பைப் பிடித்து அளந்தார்கள். பிறகு நடைபாதையின் விளிம்போடு விளிம்பாக, சண்டைக்காரச் சகோதரர்களுக்குக் கேக் வெட்டும் தாயின் துல்லியத்தோடு கிளையை அறுத்து, தங்கள் பங்கை வண்டியில் ஏற்றினார்கள்.

"மிச்சம்?" என்றாள் எர்லீன்.

"எங்க பக்கம் முடிஞ்சிருச்சு மேடம்."

மிச்சம் பதினோரு அடி. எர்லீன் மத்திய அரசின் அலுவலகத்தை அழைத்தாள். நாற்பது நிமிட இசைக்குப் பின் ஒரு குரல் தோன்றியது.

"மரம் உங்க நகரத்தோடது மேடம். அப்ப கிளையும் நகரத்தோடதுதான். நாங்க தொட்டா, நகரத்துச் சொத்தை எடுத்த மாதிரி ஆயிடும்."

இனி எதிரியைப் பாடுவோம். லூஷியஸ் கெய்தர். முப்பத்தோராண்டு அதே தெருக்களில் வீடுவீடாகத் தபால் போட்டவர். மத்திய அரசின் பென்ஷன் வாங்குபவர். வீட்டுக்குள் போடும் கால்சட்டைக்கும் மடிப்புக் கலையாமல் இஸ்திரி போடுபவர். எர்லீன் அமர்ந்த அதே ஐவர் அவையில் அவரும் ஒருவர். அந்தக் கோடையில் மத்திய அரசு வேறு மாநிலங்களிலிருந்து படைவீரர்களைக் கொண்டுவந்து தலைநகரத்துத் தெருக்களில் நிறுத்தியிருந்தது. சண்டை எதுவும் அகப்படாததால் அவர்கள் கையில் குப்பைப்பை கொடுக்கப்பட்டிருந்தது. வட்டாரத்துப் பராமரிப்பை அவர்களிடமே ஒப்படைக்கலாம் என்று மத்திய அரசுக்குக் கடிதம் எழுத, கெய்தர் தீர்மானம் கொண்டுவந்தார். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் அவை கூடியது. இருவர் இந்தப் பக்கம், இருவர் அந்தப் பக்கம். ஐந்தாவது வாக்கு எர்லீனுடையது.

"மிஸ் எர்லீன், புல்லு அவங்களது. ஆளும் அவங்ககிட்ட இருக்கு. சும்மா நிக்கிற பசங்கதானே, தூக்கிட்டுப் போகட்டுமே. பெஞ்சு கிடைச்சாப் போதாதா?"

"இன்னிக்குக் கிளைக்குக் கூப்பிடுவ. நாளைக்கு நம்ம தெருவுல யார் எங்க நிக்கலாம்னு அவங்க சொல்லுவாங்க. நம்ம விஷயத்தை நாம பேச இந்த ஒரு இடந்தான் இருக்கு லூஷியஸ். இதையும் குடுத்துட்டா வீட்டுல போய் டிவி பாக்க வேண்டியதுதான்."

"பேசலாம். பேசுனா கிளை போயிருமா?"

கீழ்த்தளம் சிரித்தது. சிரித்தவர்களில் எர்லீனுக்கு வாக்களித்தவர்களும் இருந்தார்கள். அதுதான் சுட்டது. அவள் எழுந்தாள், காப்பிக் கெண்டியின் உறுமலுக்கு மேலாகச் சூளுரைத்தாள்:

"எல்லாரும் கேட்டுக்குங்க. ஓட்டெடுப்பை ஒரு வாரம் தள்ளி வைங்க. அடுத்த வியாழக்கிழமைக் கூட்டத்துக்குள்ள அந்தக் கிளை அந்தப் புல்லுல இருக்காது. அரசாங்கத்து ஆள் ஒருத்தரும் அதைத் தொட்டிருக்க மாட்டாங்க. இருந்துச்சுன்னா, கெய்தர் தீர்மானத்துக்கு நானே கை தூக்குறேன்."

வியாழன் காலை பதினொன்றரை. தும்பைப் பூச் சூடிப் போருக்குப் போக அந்த ஊரில் தும்பை கிடையாது. ஓட்டுநர் காலத்துத் தொப்பியைச் சூடி, கைரம்பம் ஏந்தி, சட்டமறிந்த தலைவியாகையால் இரு காலையும் நடைபாதையில் ஊன்றி, ரம்பத்தை மட்டும் மத்திய அரசுக்குள் நீட்டி, அவள் அறுக்கத் தொடங்கினாள். கெய்தர் வேடிக்கை பார்க்க மடக்கு நாற்காலியோடு வந்து, புல்லில் விரித்து, இஸ்திரி கெடாமல் அமர்ந்தார்.

ரம்பம் சென்றது, ரம்பம் மீண்டது, மரத்தூள் குருதித்துளியெனத் தெறித்தது, பதினேழாவது இழுப்பில் பச்சை மரம் ரம்பத்தை வாயால் கவ்விக்கொண்டு விட மறுத்தது.

"நீ அறுக்கல, தாலாட்டுற," என்றார் கெய்தர்.

அவ்வேளையில் தெற்கிலிருந்து ஒரு காரும் வடக்கிலிருந்து ஒரு காரும் பாய்ந்து வந்து நின்றன. ஒன்று மத்தியப் போலீஸ், மற்றது நகரப் போலீஸ். யாரோ புகார் கொடுத்திருந்தார்கள்.

"மத்திய அரசு நிலத்துல மரம் அறுக்கக் கூடாது மேடம்," என்றார் மத்தியக் காவலர்.

"அவங்க நிக்கிறது எங்க பக்கம்," என்றார் நகரக் காவலர்.

"ரம்பம் எங்க பக்கம்."

"அப்ப ரம்பத்தைக் கைது பண்ணுங்க."

இரு பெருவேந்தரின் தூதர் போல இருவரும் அவரவர் காரில் சாய்ந்து அவரவர் மேலிடத்துக்குப் போன் செய்தார்கள். அதற்குள் நான்கு படைவீரர்கள், ஆரஞ்சு நிற மேலங்கியும் கறுப்புப் பையும் இடுக்கியுமாக அணிவகுத்து வந்து, புல்லிலிருந்து இரண்டு கோழிச்சிறகு எலும்பையும் ஒரு ஸ்ட்ராவையும் மீட்டார்கள். கெய்தரின் முகம் விடிந்தது.

"பசங்களா, இதையும் எடுத்துருங்க."

அவர்களில் ஹென்ஸ்லி என்பவன், மேற்கு வர்ஜீனியாக்காரன், கிளையைப் பார்த்தான், பையைப் பார்த்தான். "பையில அடங்குறதைத்தான் எடுக்கச் சொல்லியிருக்காங்க சார்."

எர்லீனுக்கு மூச்சு வந்தது. ஆனால் கிளை இருந்த இடத்திலேயே இருந்தது. மாலை ஏழு மணிக்குக் கூட்டம்.

அப்போதுதான் விதி தன் சுண்டுவிரலை அசைத்தது. போனை வைத்துவிட்டு வந்த மத்தியக் காவலர், ரம்பத்துக்கு வழி சொல்வார் என்று எல்லாரும் பார்த்திருக்க, கெய்தரிடம் திரும்பினார்.

"சார், அனுமதியில்லாம இங்க நாற்காலி போடக் கூடாது."

"எது?"

"மரச்சாமான் போடணும்னா விண்ணப்பம் குடுக்கணும் சார். எந்திரிங்க."

முப்பத்தோராண்டு. மழையில், பனியில், நாய்களிடையே, அந்தப் புல்லைக் குறுக்கே மிதித்துத் தபால் போட்டவர். கெய்தர் எழுந்தார். நாற்காலியை மடக்கினார். நடைபாதையில் வைத்தார். மடிப்புக் கலையாத கால்சட்டையை முழங்காலுக்கு மேல் ஏற்றிக்கொண்டு கிளையின் மறுமுனைக்குப் போனார்.

"அறுக்கக் கூடாதுன்னுதானே சொன்னீங்க. இழுக்கக் கூடாதுன்னு எங்கயாவது எழுதியிருக்கா?"

மத்தியக் காவலர் யோசித்தார். நகரக் காவலர் வானத்தைப் பார்த்தார்.

எர்லீன் ஒரு முனை, கெய்தர் மறுமுனை. கிளை ஒரு சாண் நகர்ந்தது; பிறகு நினைத்துப் பார்த்து நின்றுவிட்டது. ஹென்ஸ்லி கைக்கடிகாரத்தைப் பார்த்து, மேலங்கியைக் கழற்றி, பையை நண்பனிடம் கொடுத்தான்.

"எனக்குச் சாப்பாட்டு நேரம் ஆரம்பிச்சிருச்சு மேடம்."

"உன்னைத் தொட விடமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன் ராசா."

"அரைமணி நேரத்துக்கு எனக்குச் சம்பளம் கிடையாது மேடம். ஊர்ல விறகு இழுக்கிற மாதிரி இழுக்கிறேன்."

எர்லீன் கெய்தரைப் பார்த்தாள். கெய்தர் தோளைக் குலுக்கினார். மூவரும் இழுத்தார்கள், புல் கிழிந்தது, மண் புகைந்தது, எர்லீனின் முழங்கால் முரசம் முழங்கியது, அகழி கடந்து பகைவரின் கோட்டைக் கதவைப் பெயர்த்துக் கொணரும் வீரரைப் போல, வேரறியாத அந்தப் பதினோரடிப் பெருங்கிளையை, மத்திய அரசின் எல்லையிலிருந்து நகரத்தின் எல்லைக்குள், சுண்ணாம்புக்கோடு எதுவும் இல்லாத அந்த மாபெரும் எல்லையைத் தாண்டிக் கொண்டுவந்து போட்டார்கள். பெஞ்சு வெயிலைக் கண்டது.

அன்று மாலை கீழ்த்தளத்தில் ஒரு மணி நேரம் வாதம் நடந்தது: சாப்பாட்டு நேரத்தில் ஹென்ஸ்லி அரசாங்கத்து ஆளா, இல்லையா. எர்லீன் எழுந்தாள்.

"உடம்புல மேலங்கி இல்ல, கையில பை இல்ல. சம்பளமும் இல்ல. என்னை மாதிரிதான் அவனும்."

வாக்கெடுப்பில் தீர்மானம் நான்குக்கு ஒன்று என்று தோற்றது. எதிர்த்துக் கை தூக்கியவர்களில் முதலாமவர் அதைக் கொண்டுவந்த கெய்தர். வாகை சூடிய எர்லீன், இரண்டாயிரம் குடிகளின் காவல்தலைவி, சுயாட்சியின் சுடர்விளக்கு, வீங்கிய முழங்காலோடு படியேறி வீட்டுக்குப் போனாள்.

கிளை இப்போது நடைபாதையை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. பத்து வேலை நாளில் வந்து எடுப்பதாக நகராட்சியில் சொல்லியிருக்கிறார்கள்.