மன்றத்துக்கு நான் அனுப்பிய ஆறு படங்கள்

எனக்குப் பொறுமை கிடையாது. பல் மருத்துவரிடம் போனால்கூட, என் முறை வருவதற்குள் வலி போய்விட்டதென்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். இந்தக் குணத்தால் இதுவரை யாருக்கும் பெரிய நஷ்டமில்லை, என் மாமனாரின் அடுப்படியைத் தவிர.

தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டை விட்டு வந்து நாங்கள் கேமரன் மலை ரிங்லெட்டில் வாங்கிய வீட்டில் சமையலறை மகா ஒடுக்கம். ஐஸ்பெட்டியைத் திறந்தால் என் மனைவி சாந்தி வெளியே போய் நிற்க வேண்டும். வெளியே எந்நேரமும் மழை. பின்பக்கம் பத்தடி நீட்டிக் கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். (வாக்குக் கொடுப்பதில் மட்டும் நான் வெகு தாராளம்.) வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு, கட்டட அனுமதி கேட்டு மாவட்ட மன்றத்துக்குப் போனேன்.

கவுண்டரில் இருந்த பெண் அதிகாரி நிதானமாகப் பார்த்தார். “அண்ணே, இது சரிவு நிலம். இப்படியே பெர்மிட் குடுக்க முடியாது லா. ஆனா…”

அந்த ‘ஆனா’வுக்குப் பிறகு என்ன வந்தது என்று கேட்க நான் அங்கே இல்லை.

சரிவாம்! கேமரன் மலையில் சரிவில்லாத இடம் வேண்டுமென்றால் அணைக்கட்டு ஏரிக்கு நடுவில்தான் கட்ட வேண்டும். எங்கள் பக்கத்திலேயே ஆறு வீடுகளில் பின்பக்கம் நீட்டியிருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் அனுமதி கொடுத்தவர்களுக்கு என்னைக் கண்டால் மட்டும் மலை சரிகிறதா?

“ஏங்க, உக்காந்து தேத்தண்ணி குடிங்க. நாளைக்கு யோசிச்சு எழுதலாம்” என்றாள் சாந்தி.

“நாளைக்கா? நாளைக்கு எனக்குக் கோவம் ஆறிடும்!”

நின்றுகொண்டே நான்கு பக்கப் புகார் எழுதினேன். சாட்சிக்குப் படம் வேண்டாமா? கைப்பேசியோடு அலைந்து ஆறு வீட்டுப் பின்பக்கங்களையும் எடுத்தேன். முதல் படம் மேல்தெருவில் மாமனாரின் அடுப்படி. காய்கறி லோரி ஓட்டி ஓய்வு பெற்ற மாமா தன் கையால் கட்டியது. தீபாவளிக்கு மொத்தக் குடும்பமும் முறுக்குச் சுடும் இடம். (மாமா அகப்பையோடு சிரித்து ‘போஸ்’ வேறு கொடுத்தார்.) அதன் கீழே, ‘இதைவிடச் செங்குத்தான சரிவில் இவ்வளவு பெரிதாகக் கட்ட அனுமதித்தது எப்படி?’ என்று எழுதி அனுப்பினேன்.

பதில் கடிதமாக வரவில்லை, வேனில் வந்தது. அளவு நாடாவோடு மூன்று பேர். அதே பெண் அதிகாரியின் கையில் என் படங்கள். வேன் நேராக மேல்தெருவுக்கு ஏறியது. நான் பின்னால் ஓடினேன்.

“ஐயா, இதுக்கு எப்போ பெர்மிட் எடுத்தீங்க?”

“பெர்மிட்டா? என் வீட்டுல நான் கட்டுனதுக்கு எதுக்கும்மா பெர்மிட்?” என்றார் மாமா.

ஆறு வீட்டிலும் இதே பதில். அந்த வட்டாரத்திலேயே அனுமதி கேட்டுப் போன ஒரே மடையன் நான்தான்.

அதிகாரி என்னைப் பார்த்தார். “அன்னிக்கு ஓடிட்டீங்கண்ணே. எஞ்சினியர்கிட்ட மண் பரிசோதனை அறிக்கை வாங்கிட்டு வந்தா குடுக்கலாம்னுதான் சொல்ல வந்தேன்.”

மாமா அவர் கையிலிருந்த படத்தை எட்டிப் பார்த்தார். அகப்பையோடு தான் சிரிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நல்லாதான் விழுந்திருக்கேன் லா, மாப்ள” என்றார்.

அந்தச் சரிவு அப்போதே சரிந்து என்னை மூடியிருக்கலாம். அவ்வளவு வெட்கமாக இருந்தது.

மற்ற ஐந்து வீடுகளுக்கும் அனுமதி வாங்கச் சொல்லி நோட்டீஸ் மட்டும் கொடுத்த மன்றம், இருப்பதிலேயே செங்குத்தான சரிவில் நின்ற மாமாவின் அடுப்படியைப் பிரிக்கச் சொல்லிவிட்டது. அதை மாமாவே பிரித்தார். கூரைத் தகரத்தை இறக்கும்போது ஏணி பிடித்தவன் நான். அந்தத் தீபாவளிக்கு மொத்தக் குடும்பமும் எங்கள் ஒடுக்கச் சமையலறையில் முறுக்குச் சுட்டது. நான் குடையோடு வெளியே நின்றேன். பிறகு மண் அறிக்கைகள் வாங்கி, அந்தக் கவுண்டரில் பலமுறை உட்கார்ந்து, ‘ஆனா’வுக்கு அப்புறமும் முழுதாகக் கேட்டு, எங்களுடையது, மாமாவுடையது என இரண்டு அடுப்படிகளுக்கும் அனுமதி வாங்கினேன்.

இன்றும் குடும்பத்தில் நான் படமெடுக்கக் கைப்பேசியைத் தூக்கினால் போதும், மாமா குரல் கொடுப்பார்.

“மாப்ள, நில்லுங்க! பின்னால யார் வீடாச்சும் விழுதா பாருங்க!”

உடனே எல்லோரும் எழுந்து சாலையைக் கடந்து தேயிலைத் தோட்டத்துப் பக்கம் போய் நிற்பார்கள். அதனால்தான் எங்கள் குடும்பப் படங்கள் எல்லாவற்றிலும் பின்னால் வெறும் தேயிலைச் செடிகளே இருக்கின்றன.