நிற்பதற்கு ஒரு நாற்காலி

"முதல் பாடம் என்ன சார்?" என்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு செயலாளர் அம்மா கேட்டதும், எம்.டி. சட்டென்று எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முகத்தைக் காட்டினால் மாட்டிக்கொள்வோம் என்கிற பயம்தான். அந்த அம்மாளோ, பெரிய மனிதர் ஆழ்ந்த யோசனையில் இருக்கிறார் என்று மரியாதையாகக் காத்திருந்தார்.

விஷயம் இதுதான். நாற்காலி செய்து விற்கிற அந்தக் கம்பெனியின் எம்.டி., சர்வதேசப் பொருளாதார மாநாட்டில் மூன்று நாள் உட்கார்ந்துவிட்டு நேற்றுத்தான் வந்து இறங்கியிருந்தார். அங்கே மேடையில் ஆளுக்கொரு மொழியில் பேசினார்கள். கேட்கிறவர்களுக்கு மொழிபெயர்ப்பு வருவதற்காகக் காதில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி கொடுத்தார்கள். இவருடைய கருவி இவருக்குத் துளியும் தெரியாத ஏதோ ஒரு மொழியில் சிக்கிக்கொண்டுவிட்டது. பொத்தானை அமுக்கினால் சத்தம் கூடியதே தவிர மொழி மாறவில்லை.

கையைத் தூக்கி வேறு கருவி கேட்டிருக்கலாம். ஆனால் அதற்குள் நாலைந்து தடவை தலையாட்டித் தொலைத்திருந்தார். புரியாமலா இத்தனை நேரம் ஆட்டினாய் என்று யாராவது நினைத்துவிட்டால்? மானம் போய்விடுமே! அதனால் மூன்று நாளும் ஆட்டினார். பக்கத்து இருக்கையில் தாடி வைத்த ஒரு வெளிநாட்டுக்காரர் இருந்தார். அவர் ஆட்டினால் இவரும் ஆட்டினார், அவர் சிரித்தால் இவரும் சிரித்தார். கடைசி நாள் இருவரும் முகவரி அட்டைகளை மாற்றிக்கொண்டு, அதற்கும் தலையாட்டிப் பிரிந்தார்கள்.

இப்போது மாமனார் மத்தியானம் வருகிறார். கம்பெனியை ஆரம்பித்தவர் அவர். போனிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்.

"மாப்பிள்ளை, கம்பெனி செலவுல உலகத்தைப் பார்த்துட்டு வந்திருக்கீங்க. என்ன கத்துக்கிட்டீங்கன்னு நேர்ல வந்து கேக்கறேன். உருப்படியா இருந்தா நீங்களே இருங்க. இல்லேன்னா சின்ன மாப்பிள்ளை கொஞ்ச நாள் பார்க்கட்டும்."

மாமனார் 'கொஞ்ச நாள்' என்றால் ஆயுசுக்கும் என்று அர்த்தம். சின்ன மாப்பிள்ளை, அதாவது எம்.டி.யின் சகலை, அந்த அறைக்குத் திரைச்சீலை என்ன நிறம் என்பதைக்கூட முடிவு செய்துவிட்டதாகக் கேள்வி.

"சார், முதல் பாடம்..." என்று செயலாளர் அம்மா மறுபடி இழுத்தார்.

இந்த அம்மாளை எப்படியாவது வெளியே அனுப்பியாக வேண்டும். "இதையெல்லாம் உக்காந்து பேசக் கூடாதும்மா. உக்காந்தாலே பேச்சு வளரும். நின்னு பேசினாச் சட்டுனு முடியும்" என்றார் எம்.டி.

அந்த அம்மாளின் கண்கள் விரிந்தன. "இதுதான் முதல் பாடமா சார்?"

எம்.டி. மெதுவாக ஜன்னலிலிருந்து திரும்பினார். பிறகு, "ஆமா. இதுதான்" என்றார்.

"ரெண்டாவது?"

"முதல்ல இதைச் செய்ங்க. அப்புறம் ரெண்டாவது."

இவ்வளவு நல்ல பதில் தன் வாயிலிருந்தா வந்தது என்று அவருக்கே பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமை அவர் காபி குடித்து முடிக்கும் வரைதான் தாங்கியது. கதவைத் திறந்து பார்த்தால் நடை முழுக்க நாற்காலிகள்! எல்லாப் பிரிவுகளும் தங்கள் நாற்காலிகளை வெளியே தள்ளிவிட்டன. கணக்காளர் அலமாரி மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். விற்பனை மேலாளர் மட்டும் ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"பிரமாதம் சார்! டீலர்களுக்கும் அனுப்பிட்டேன்."

"எதை?"

"'உலகம் இனி நிற்கும், சர்வதேச மாநாடு முடிவு'ன்னு. லேசா மெருகேத்தினேன் சார்."

"யோவ்! நாம விக்கறது என்னய்யா?"

"நாற்காலி" என்றவர், அப்போதுதான் அதைக் கேட்டவர் போல வாயைப் பொத்திக்கொண்டார்.

எம்.டி.யின் கைப்பேசி அலறியது. பெரிய டீலர்.

"என்னங்க இது? உலகமே நிக்கப் போகுதுன்னா என் கிடங்குல இருக்கிற நாற்காலியை எல்லாம் யார் தலையில கட்டறது? புது ஆர்டரை நிறுத்தி வைங்க."

"ஐயையோ, அவசரப்படாதீங்க! நாற்காலி வேண்டாம்னு யார் சொன்னா? இனிமே நிக்கறதுக்கே நாற்காலி வருது."

"நிக்கறதுக்கா?"

"ஆமாங்க. அதுதானே மாநாட்டுல பேச்சே!"

"அப்படியா? உங்ககிட்ட இருக்கா?"

"இல்லாமலா சொல்றேன்?"

"சரி, இன்னைக்கே ஒரு போட்டோ அனுப்புங்க. பார்த்துட்டுச் சொல்றேன்."

எம்.டி. பட்டறைக்கு ஓடினார். கடைசல் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றிருந்த ஃபோர்மேனைக் கையைப் பிடித்து இழுத்தார்.

"நிக்கறதுக்கு ஒரு நாற்காலி வேணும்."

"நிக்கறதுக்குத் தரை இருக்கே சார்?"

"வெளையாடாதீங்க. மத்தியானத்துக்குள்ள வேணும்."

ஃபோர்மேன் தாடையைச் சொறிந்தார். "அந்த வீணாப்போன உருப்படிங்க மூலையில கிடக்கு. காலு நெட்டையா, பலகை முன்பக்கம் சரிஞ்சு... உக்காந்தா வழுக்கி இறக்கி விட்டுரும். நீங்க வரைபடத்தைத் தலைகீழாப் பிடிச்சுக் கையெழுத்துப் போட்டீங்களே, அது."

வேறு நாளாக இருந்தால் எம்.டி.க்குக் கோபம் வந்திருக்கும். இன்று அவரே போய்த் தூசி தட்டினார். ஒன்றில் சாய்ந்தும் பார்த்தார். அட! உட்காரவும் இல்லை, நிற்கவும் இல்லை. கால் பாரம் குறைந்து இடுப்பு சுகமாக இருந்தது. அவருக்கு உள்ளுக்குள் என்னவோ விளக்குப் போட்டது போல இருந்தது. "எல்லாத்தையும் துடைச்சு மேலே கொண்டாங்க" என்றார்.

மாமனார் வந்தபோது கூட்ட அறையில் உட்கார ஒரு நாற்காலிகூட இல்லை. மூட்டு வலிக்காரர். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"என்ன மாப்பிள்ளை, வீட்டைக் காலி பண்றீங்களா?"

"அதைத்தான் நானும் நினைச்சேன், மாமா" என்றார் கூடவே வந்திருந்த சகலை, காலி அறையை அளவெடுப்பது போலப் பார்த்துக்கொண்டே.

"மாமா, பேசாம இதுல சாயுங்க" என்று எம்.டி. பட்டறையிலிருந்து வந்ததில் ஒன்றை நகர்த்திப் போட்டார்.

மாமனார் முறைத்துக்கொண்டே சாய்ந்தார். கொஞ்சம் அசைந்து பார்த்தார். எழுந்தார், மறுபடி சாய்ந்தார். "அடடே, மூட்டை மடக்கவே வேண்டாம் போலிருக்கே! எழுந்திருக்கும்போது யாரையும் கூப்பிட வேண்டாம் போலிருக்கே!" என்று குழந்தை மாதிரி சிரித்தார். "இதுவா மாநாட்டுல கத்துக்கிட்டது?"

"ஆமா மாமா. உலகம் இனி உக்காராது, நிக்காது. சாயும்."

சகலைக்குப் பொறுக்கவில்லை. "இதை எந்தப் பொருளாதார நிபுணர் சொன்னாராம்? பேரைச் சொல்லுங்க பார்ப்போம்."

எம்.டி. ஒரு நாற்காலியைத் துடைப்பது போலக் குனிந்துகொண்டார். நல்லவேளை, செயலாளர் அம்மா உள்ளே வந்தார் என்று நிம்மதியாக மூச்சு விட்டார். அந்த அம்மா சொன்னதைக் கேட்டதும் விட்ட மூச்சு திரும்ப வரவில்லை.

"சார், மாநாட்டுல உங்க பக்கத்துல உக்காந்திருந்தவராம். பெரிய பெரிய அலுவலகங்களுக்கு மரச்சாமான் வாங்கறவராம். இந்தப் பக்கம் வந்தவர், அட்டையைப் பார்த்துத் தேடி வந்திருக்கார். கூடவே மொழிபெயர்க்கிற பொண்ணும் வந்திருக்கு."

"வரச் சொல்லுங்க, வரச் சொல்லுங்க!" என்று எம்.டி.க்கு முன்னால் சகலை முந்திக்கொண்டார்.

தாடிக்காரர் வந்தார். எம்.டி.யைப் பார்த்ததும் தலையாட்டினார். பழக்க தோஷம், எம்.டி.யும் ஆட்டினார். சகலை நேராக அந்தப் பெண்ணிடம் போனார்.

"இவரும் மூணு நாளும் அங்கே இருந்தவர்தானே? கேளும்மா. நிக்கறதுக்கு நாற்காலி பண்ணணும்னு அந்த மாநாட்டுல சொன்னாங்களா இல்லையா?"

அந்தப் பெண் கேட்டாள். தாடிக்காரர் திரும்பி எம்.டி.யின் முகத்தைப் பார்த்தார். தன் அறை, தன் மேஜை, வாசல் பலகையில் தன் பெயர் எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று போவது எம்.டி.க்குத் தெரிந்தது. என்ன செய்வதென்று தெரியாமல், மாநாட்டில் செய்ததையே செய்தார். மெதுவாகத் தலையாட்டினார்.

தாடிக்காரரின் முகம் மலர்ந்தது. படபடவென்று பேச ஆரம்பித்தார். கையை விரித்தார், மார்பில் வைத்தார், எம்.டி.யைச் சுட்டிக் காட்டினார்.

"மாநாட்டோட சாரமே அதுதான்னு சொல்றார். அந்த அரங்கத்துல இவர் அளவுக்கு அதைப் புரிஞ்சுக்கிட்டவங்க யாருமே இல்லையாம்" என்றாள் அந்தப் பெண்.

சகலையின் முகத்தில் ஈயாடவில்லை. தாடிக்காரர் ஒன்றில் சாய்ந்து பார்த்து, கண்ணை மூடி, தன் கட்டடங்கள் அத்தனைக்கும் வேண்டும் என்றார். சேதி பட்டறைக்குப் போய் அங்கிருந்து கைதட்டல் கேட்டது. ஃபோர்மேன், வரைபடத்தை இனிமேலும் எம்.டி.தான் பிடிக்க வேண்டும் என்று சொன்னாராம். போட்டோவைப் பார்த்த பெரிய டீலரும், நிறுத்திய ஆர்டரோடு இதையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

மாமனார் எல்லார் முன்னாலும் எம்.டி.யின் தோளைத் தட்டினார். "இனிமே இந்த இடத்துல உங்களைத் தவிர யாரையும் உக்கார வைக்க மாட்டேன், மாப்பிள்ளை."

"சாய வைக்க மாட்டேன்னு சொல்லுங்க, மாமா" என்றார் எம்.டி. அறையே சிரித்தது. சகலைகூடச் சிரிக்க வேண்டியதாயிற்று.

எம்.டி.க்கு மனசு நிறைந்து வழிந்தது. ஒரு வார்த்தை புரியாமல் உட்கார்ந்திருந்தவன் கடைசியில் உலகத்துக்கே பாடம் சொல்லிவிட்டேனே என்று உள்ளுக்குள் துள்ளியபடி, விருந்தாளியை வழியனுப்பக் கார் வரைக்கும் தானே நடந்தார். தாடிக்காரர் காரில் ஏறினார், பிறகு கண்ணாடியை இறக்கி அந்தப் பெண்ணின் காதில் ஏதோ சொன்னார். அவள் தயங்கித் தயங்கி எம்.டி.யிடம் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார்... இவருக்குக் காதுல மாட்டின கருவி மூணு நாளும் புரியாத பாஷைதான் பேசிச்சாம், நீங்க தலையாட்டறதைப் பார்த்துப் பார்த்துத்தான் இவரும் ஆட்டினாராம். அங்கே என்னதான் பேசினாங்கன்னு உங்ககிட்ட ரகசியமாக் கேட்டுச் சொல்லச் சொல்றார்."