லண்டன் கோர்ட்டு நைனா போட்ட தடையுத்தரவு

உலகத்தில் எந்த நாட்டு நீதிபதியும் எங்கள் ராயபுரம் லண்டன் கோர்ட்டு நைனாவிடம் நல்ல பெயர் வாங்கியதில்லை. கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்ந்தவர். கப்பல் எந்தத் துறைமுகத்தில் நின்றாலும் மற்றவர்கள் ஊர் சுற்றப் போவார்கள். இவர் கோர்ட்டில் போய் உட்காருவார். பெஞ்சு உண்டு, யாரும் எழுப்பமாட்டார்கள். பாஷை புரியாததை ஒரு குறையாகவே அவர் நினைக்கவில்லை.

வாக்குத் தவறியவனை எந்த நாடு எப்படி வழிக்குக் கொண்டுவருகிறது என்பதே அவருடைய ஆராய்ச்சி. பிரான்சில், சொன்னதைச் செய்யும்வரை தினம் அபராதமாம். ரங்கூனில் முதலில் அழுகிறவன் பக்கம் தீர்ப்பாம். நம் ஊரில் சுதந்திரம் வந்தும் வாய்தா போகவில்லை. படகு கட்டித் தராத தச்சன்மேல் அவர் போட்ட வழக்கு முடிவதற்குள், இருவரும் சம்பந்தியாகிவிட்டார்கள்.

போன தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம். தாம்பூலம் வாங்கிக்கொண்டு வாக்குக் கொடுத்திருந்த நாயனக்காரர், அதே முகூர்த்தத்துக்குப் பெரம்பூரில் ஒரு பெரிய வீட்டிலும் ஒப்புக்கொண்டு அங்கே போய்விட்டதாக முதல் நாள் காலையில் தகவல் வந்தது. கெட்டிமேளம் இல்லாமல் தாலி கட்டுவதா? மாப்பிள்ளை வீட்டார் அபசகுனம் என்று எழுந்துவிட்டால்?

வக்கீலிடம் ஓடினேன். தாராளமாக நஷ்டஈடு கேட்கலாம் என்றார். முகூர்த்தத்தில் நஷ்டஈட்டை வாயில் வைத்து ஊதுவதா என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். வீட்டு வாசலில் நைனா நின்றார்.

“லண்டன்ல, வந்து ஊதுன்னு உத்தரவு போடமாட்டான் சாரே. பலவந்தமா ஊதவெச்சா கலீஜா ஊதுவான். வேற எங்கியும் ஊதாதேன்னு தடை போடுவான். அப்பாலிக்கா கம்முனு வந்துருவான்.”

“இங்கே யார் போடுவது, நைனா?”

“நான் இன்னாத்துக்குக் கீறேன்? நம்ம கொயந்த கண்ணாலம் சாரே.”

மடியில் புளியங்காயைக் கட்டிக்கொண்டு பெரம்பூருக்குக் கிளம்பினார். அங்கே மாலையில் மாப்பிள்ளை அழைப்பு. நாயனக்காரருக்கு நேர் எதிரே உட்கார்ந்து, புளியங்காயை ஒடித்து, கண்ணை இடுக்கிச் சப்ப ஆரம்பித்தார். அதைப் பார்த்த நாயனக்காரரின் வாயில் எச்சில் ஊறி, நாயனத்தின் நுனியில் வைத்து ஊதும் சீவாளி நனைந்து, ராகம் தொடங்கிய இடத்திலேயே நின்றது. ஊர்வலத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் எதிரே ஒரு புளியங்காய். பெரம்பூர்க்காரர்கள் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டு நாயனக்காரரைத் திருப்பி அனுப்பினார்கள்.

விடிந்ததும் எங்கள் பந்தலில் வந்து நின்றார். நாயனத்தை எடுத்து வாயில் வைத்தார். முன்வரிசையில் புது வேட்டியோடு நைனா. கையில் புளியங்காய் இல்லை. அந்த முகமே போதுமாக இருந்தது. நாயனம் இருமியது.

மாப்பிள்ளையின் அப்பா என்னைப் பார்த்தார். நான் நைனாவைப் பார்த்தேன். அவர் மெதுவாக எழுந்தார்.

“நம்ம தடை இங்கியும் செல்லுது போல கீது.”

பந்தலுக்குப் பின்னால், எச்சில் இலை போடும் இடத்தருகே, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். கெட்டிமேளம் தெருவே அதிர முழங்கியது. பிறந்ததிலிருந்து தூக்கி வளர்த்த பெண்ணின் கழுத்தில் தாலி ஏறியதை அவர் பார்க்கவில்லை.

மறுவீட்டுக்கு வந்த மகள், மாப்பிள்ளையை முதலில் நைனா வீட்டுக்குத்தான் கூட்டிப்போனாள். இரண்டு பேரும் வாடிப்போன கல்யாண மாலையைப் போட்டுக்கொண்டு அவர் எதிரே நின்றார்கள். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அவர் எந்த நாட்டையும் குறை சொல்லவில்லை.